நாகர்கோவில் புறநகரில் மகரந்த அலர்ஜி: எந்த மாதம் எது பறக்குது, எதை வெட்டணும், எதை விடணும்?

சானல்கரை_காலனி (கேள்வி)

பார்வதிபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு குடியிருப்பு. ஒரு பக்கம் சானல், அதைத் தாண்டி வயல். மறுபக்கம் மனை போட்டு விற்று, இன்னும் வீடு வராமல் புதர் மண்டிக் கிடக்கிற பிளாட்டுகள். தெருவோரம் சரக்கொன்றை, வீட்டுக்கு வீடு தென்னை. தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு என்று புலம்பாத வீடு குறைவு. நலச்சங்கம் சார்பில் ஒரு தகவல் பலகை வைக்கலாம் என்று முடிவாகியிருக்கு. அதில் தப்பாக எதையும் எழுதிவிடக் கூடாது என்பதால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

போனில் வரும் வானிலை ஆப் "புல் குறைவு, மரம் நடுத்தரம்" என்று தினமும் காட்டுது. அதை அப்படியே பலகையில் போடலாமா? இரண்டு தென்னையையும் ஒரு கொன்றையையும் வெட்டச் சொல்லி ஒரு தரப்பு நிற்குது. வெட்டினால் பலன் உண்டா? எந்த மாதம் எதற்குப் பயப்படணும்? காலி மனையில் நிற்கும் பார்த்தீனியத்தை எப்படி ஒழிக்கிறது? தினம் ஒரு ஸ்பூன் உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் அலர்ஜி போயிடும் என்கிறார்களே, உண்மையா? செட்ரிசினை மாதக்கணக்கில் போடலாமா?

ஒருத்தரே எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டாம், தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும்.

---

தாவரவியல்_வாத்தியார்

ஆப்பிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண் உங்கள் காலனிக் காற்றை உறிஞ்சி எண்ணிச் சொன்னது இல்லை. எந்த நிலத்தில் என்ன வளர்கிறது என்ற வரைபடத்தையும் அன்றைய வெப்பம், காற்று, மழையையும் சேர்த்துப் போட்ட கணிப்பு. காற்றுத் தரக் குறியீடு என்று வரும் ஏ.க்யூ.ஐ எண்ணுக்கும் மகரந்தத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்தக் குறியீட்டுக்காக நுண்தூசியை (பி.எம். 10) அளக்கும் கருவி 10 மைக்ரானுக்குப் பெரியதைப் பெரும்பாலும் வடித்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புல் மகரந்தமோ 20 முதல் 40 மைக்ரான். அதனால் ஏ.க்யூ.ஐ பச்சை நிறத்தில் இருக்கும் நாளிலும் மகரந்தம் நிறைய இருக்கலாம். அசலாக அளக்கும் பொறி ஒன்று உண்டு. ஹர்ஸ்ட் 1952-ல் வடிவமைத்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய வெட்டு வழியாக இழுத்து, மணிக்கு 2 மி.மீ. நகரும் ஒட்டும் நாடாவில் மோதவிடும். பிறகு ஒருவர் நுண்ணோக்கியில் உட்கார்ந்து எண்ண வேண்டும். சண்டிகர் நகரத்துக்கு அப்படி எண்ணித்தான் மகரந்த நாட்காட்டி போட்டார்கள். அந்த நாட்காட்டியைக் குமரிக்குக் கொண்டுவந்து ஒட்டுவதில் அர்த்தமில்லை. அங்கே இருக்கும் மரம் வேறு, மழை வரும் மாதமும் வேறு.

வெட்டுவதா வேண்டாமா என்ற தகராறுக்கு ஒரே அளவுகோல்தான். பூ கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தால் அது பூச்சியைக் கூப்பிடுகிற பூ. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் தூரம் போகாது. கொன்றை அந்த ரகம். தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சி, மல்லி, அரளியும் அப்படியே. இவற்றின் வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தும், தலைவலியும் வரும். அது வேறு சங்கதி, மகரந்த அலர்ஜி ஆகாது. காற்றை நம்பிப் பூப்பவை பூ என்றே கண்ணுக்குத் தெரியாது. அருகம்புல், நெல், முள்ளுக்கீரை, ஆமணக்கு, கடலோரத்துச் சவுக்கு எல்லாம் அந்தக் கூட்டம். கொன்றை மேல் பழி விழுவதற்குக் காரணம், அது மஞ்சளாகத் தொங்கும் அதே வாரத்தில் அடியில் நிற்கிற புல்லும் கதிர் விட்டிருக்கும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தென்னை இடைப்பட்ட சாதி. காற்றும் உதவும், வண்டும் தேனீயும் உதவும். தென்னை மகரந்தம் அலர்ஜி தரக்கூடியது என்பது தெரிந்த விஷயம்தான். நன்றாக இருக்கும் மரத்தில் மாதம் ஒரு பாளை வெடிக்கும். பாளை வெடித்ததும் முதலில் ஆண்பூக்கள் ஏறக்குறைய மூன்று வாரம் வரிசையாக மலர்ந்து உதிரும். ஆக வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பாளை தூவிக்கொண்டே இருக்கும், சீசன் என்று ஒன்று கிடையாது. முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய வெளிர்மஞ்சள் பூ ஒன்றை எடுத்துக் கறுப்புத் துணியில் தேய்த்துப் பாருங்கள். புதிதாக விழுந்ததென்றால் மஞ்சள் பொடி ஒட்டும். இதுதான் சமாசாரம். மாவட்டமே தென்னந்தோப்பாக இருக்கும்போது இரண்டு மரத்தை வெட்டினால் மகரந்தம் குறையாது. நிழலும் தேங்காயும்தான் குறையும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே பாளை வெடித்திருந்தால் அந்த மூன்று வாரம் அந்த ஜன்னலைச் சாத்தி வைக்கலாம். உதிர்ந்த பூவைக் காய்ந்த வாரியலால் பெருக்காமல், தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளலாம். அவ்வளவு போதும்.

மாதக் கணக்கு. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் என்பதால் இங்கே ஒரே நீண்ட சீசன் என்று கிடையாது, சின்னச் சின்ன அலைகளாக வரும்.

உங்களுக்கு வயல் பக்கத்தில் இருப்பதால் நெல்லை முதலில் பாருங்கள். இங்கே நெல் இரண்டு போகம். முதல் போகமான கன்னிப்பூ ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் கதிர்விட்டுப் பூக்கும். இரண்டாம் போகமான கும்பப்பூ டிசம்பர், ஜனவரியில். நட்ட தேதியும் ரகமும் மாறினால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும். நெல் பூ காலை 9 மணிக்குத் திறந்து நண்பகலோடு மூடிவிடும். ஒரு கதிர் பூத்து முடிய ஏறக்குறைய ஒரு வாரம். வயல் முழுக்க ஒரே நாளில் நட்டிருந்தால் 10 முதல் 15 நாளில் முடிந்துபோகும். அந்த நாட்களில் வயலோரம் நடைப்பயிற்சி போகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலோ மாலையிலோ போகட்டும். அறுவடை நேரத் தும்மல் மகரந்தத்தால் அல்ல. இயந்திரம் கிளப்பும் தூசி, உமி, வைக்கோலில் பிடித்த பூஞ்சை வித்துகள். ஆவணி, புரட்டாசியிலும் மாசி, பங்குனியிலும் வரும் தொல்லைக்கு அதுவே முக்கியக் காரணம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது எப்படிப் பிடிக்கும் என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. உங்கள் பக்கம் சாரலோடு வரும் காற்று என்பதால் மகரந்தம் அவ்வப்போது கழுவப்படும். கணவாய் தாண்டிக் கிழக்கே மழை குறைந்து புழுதியும் உடைமரமும் கருவேலமும் கூடும். அதே மாதத்தில் நாகர்கோவிலில் சும்மா இருக்கும் மூக்கு, ஆரல்வாய்மொழியில் வேலைக்குப் போனால் ஒழுகலாம். இரண்டு மூன்று நாள் மழை விட்டு வெயில் அடிக்கும் இடைவெளிதான் புல்லுக்குக் கொண்டாட்டம். பலகையில் எழுதுவதாக இருந்தால் இதை எழுதுங்கள்: தொடர் மழை நாளில் குறைவு, மழை விட்ட இரண்டாம் மூன்றாம் நாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால் அதிகம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இடிமழை. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மாலையில் கறுத்து, குளிர்ந்த காற்று ஒன்று முன்னால் அடிக்குமே, அந்த நேரம். ஈரம் பட்ட புல் மகரந்தம் உப்பி வெடித்து, உள்ளே இருக்கும் நுண்துகள்கள் வெளியேறும். முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும், இந்தத் துகள் நுரையீரல் வரை இறங்கும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிகளை நிரப்பியது இப்படித்தான். இங்கே அந்த அளவு புல்வெளி இல்லை. ஆனாலும் ஆஸ்துமா உள்ள வீட்டில், மழைத்துளி விழும்வரை காத்திருக்காமல் காற்று அடிக்கும்போதே ஜன்னலைச் சாத்துவது நல்லது.

ஐப்பசி முதல் மார்கழி வரை களைகளின் காலம். பார்த்தீனியம், முள்ளுக்கீரை இரண்டும் மழையில் முளைத்து, மழை ஓய ஓயப் பூக்கும். உங்கள் காலனியைப் பொறுத்தவரை தென்னையைவிட அந்தக் காலி மனைகள்தான் எனக்கு உறுத்துகின்றன.

---

மலையோரம்_ரப்பர்

வாத்தியார் சொன்னதில் மேற்குப் பக்கம் விட்டுப்போச்சு. குலசேகரம், அருமனை, திற்பரப்பு ஏரியாவில் இருக்கிறவங்களுக்காக ரெண்டு விஷயம்.

ஒண்ணு, டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் இலை கொட்டி, ஜனவரி, பிப்ரவரியில் புதுத் தளிர் விடும். செம்பு நிறத்தில் தொங்குமே, அந்தப் பருவத்தில் தளிரில் சாம்பல் நோய் விழாமல் இருக்கக் கந்தகப் பொடி தூவுவாங்க. ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 11 முதல் 14 கிலோ, 7 முதல் 15 நாள் இடைவெளியில் மூணு முதல் அஞ்சு தடவை. பனி ஈரம் இருக்கிற அதிகாலையில்தான் தூவுவாங்க, அப்பத்தான் இலையில் ஒட்டும். அடுத்த வீட்டுக்காரங்க காலையில் எழும்பினதும் கண் எரிச்சல், தொண்டை கரகரப்பு, இருமல். உடனே "ரப்பர் பூ அலர்ஜி"ன்னு முடிவு கட்டிடுவாங்க. வித்தியாசம் கண்டுபிடிக்கிறது லேசு. அலர்ஜின்னா அரிக்கும், கந்தகம்னா எரியும். அலர்ஜி வீட்டில் ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும், கந்தகம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும். தோட்டக்காரரிடம் தூவுற தேதியை முந்தின நாளே சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு 9 மணி வரை ஜன்னல் திறக்காம, வெளியே துணி காயப்போடாம இருந்தாப் போதும். கண்ணில் பட்டால் கசக்காம நல்ல தண்ணீர் விட்டுக் கழுவணும். இதுக்கு அலர்ஜி மாத்திரை போட்டுப் பிரயோசனம் இல்லை. ரப்பர் ஷீட்டைக் காய வைக்கிற புகைக்கூட்டுப் புகைக்கும் இதே கணக்குதான்.

ரெண்டு, தேன். மார்த்தாண்டம் தேனைக் குறை சொல்ல வரலை, நல்ல தேன். ஆனா அலர்ஜிக்கு மருந்துன்னு சொல்றது ரெண்டு காரணத்தால் எடுபடாது. தேனீ போறது பூச்சி தேடுற பூவுக்கு. உங்களைத் தும்ம வைக்கிறது காற்றில் பறக்கிற புல்லும் களையும். தேனீப் பெட்டிக்குள்ளே வர்ற மகரந்தம் வேறே, மூக்குக்குள்ளே போறது வேறே. அதிலும் நம்ம ஊர் ரப்பர் தேன் பூவிலிருந்து வர்றதே இல்லை. ஒரு ரப்பர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்க. மூணு இலையும் காம்பில் சேருற இடத்தில் சின்னச் சுரப்பி புடைச்சு நிற்கும். தளிர் இலை முற்றும்போது அதிலே இனிப்பு நீர் கசியும், தொட்டு நாக்கில் வச்சாலே தெரியும். தேனீ அதைத்தான் உறிஞ்சிட்டு வருது. ஜனவரி முதல் மார்ச் வரை பெட்டி நிறையிறது இதனால்தான். தொண்டைக்கு இதமா இருக்கும், சாப்பிடுங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தொட்டுக்கூட வைக்காதீங்க. போட்டுலிசம்னு கடுமையான நச்சுத் தொற்று வர வாய்ப்பு இருக்கு.

---

மருந்துக்கடை_மேசை

மருந்து பற்றிக் கேட்டதற்கு மட்டும்.

அதற்கு முன் ஒரு பிரிப்பு. வாரத்தில் 4 நாளுக்குக் குறைவாகவோ, தொடர்ந்து 4 வாரத்துக்குக் குறைவாகவோ வந்து போனால் அது விட்டுவிட்டு வரும் வகை. இரண்டு அளவும் தாண்டினால் நீடித்த வகை. முதல் வகைக்குத் தேவைப்படும்போது மாத்திரை போதும். இரண்டாவதற்கு மாத்திரையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவது பலனில்லாத வேலை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் அடிப்படை. செட்ரிசின் தும்மலையும் அரிப்பையும் அடக்கும், மூக்கடைப்பைப் பெரிதாகத் திறக்காது. "மாத்திரை போட்டும் அடைப்பு விடலை" என்று பெரியவர்கள் 10 மில்லி கிராமோடு இன்னொன்று சேர்த்துப் போடுவது இங்கே நடக்கிற பெரிய தப்பு. தூக்கம்தான் இரண்டு மடங்காகும். பைக் ஓட்டுகிறவர்கள் தூக்கம் குறைந்த பெக்ஸோபெனடினைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது, தண்ணீரோடுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதையும் கேட்காமல் போடக்கூடாது.

புளூடிகசோன், மொமெடசோன் ஸ்ப்ரேக்களை வாங்கியவர்களில் பாதிப்பேர் நான்கு நாளில் "கேட்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். வயல் பூப்பது உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தால், கதிர் வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். அடிக்கும் விதம்: மூக்கைச் சிந்திவிட்டு, புட்டியைக் குலுக்கி, புதிய புட்டியானால் சீராகப் பனி வரும்வரை காற்றில் சில முறை அடித்துவிடுங்கள். தலையை லேசாக முன்னே குனியுங்கள். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். மெதுவாக மூச்சு இழுத்தால் போதும், "சர்ர்" என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் நடுத்தண்டில் அடிப்பதால்தான்.

சைலோமெடாசோலின், ஆக்ஸிமெடாசோலின் சொட்டு மருந்துகள் இதிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டு நிமிடத்தில் மூக்கு திறக்கும், அதனால் கை தானாக அதைத் தேடும். 3 முதல் 5 நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். பிறகு சொட்டு இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலை வரும். மான்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரை இங்கே சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அதில் தூக்கக்கேடு, கெட்ட கனவு, மனச்சோர்வு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் கடும் எச்சரிக்கை போட்டது. குழந்தைக்குக் கொடுத்தபின் சுபாவம் மாறினால் மாத்திரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உப்புநீர் கழுவல் மலிவு, பலன் உண்டு. 250 மி.லி. தண்ணீருக்கு 2.25 கிராம் உப்பு, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகை சமையல் சோடா. எரிந்தால் உப்புக் கணக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம், கூடினாலும் குறைந்தாலும் எரியும். தண்ணீர் விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். கொப்புளம் பொங்கக் குறைந்தது ஒரு நிமிடம் கொதித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீர் மட்டும். கிணறு, சானல், குளம், மாடித் தொட்டி நீர் எதுவும் நேராக மூக்கில் போகக் கூடாது. பக்கத்தில் கேரளத்தில் 2024-லும் 2025-லும் வந்த அமீபா மூளைக்காய்ச்சலை மறக்க வேண்டாம். அந்தக் கிருமி குடித்தால் வராது, பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். கழுவும் புட்டியையும் கொதித்த நீரில் அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள்.

சோதனை செய்கிறவர்களுக்கு: தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் செட்ரிசின் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும், பொதுவாக 5 முதல் 7 நாள். எத்தனை நாள் என்பதைச் சோதனை செய்யும் டாக்டரே சொல்லட்டும். நிறுத்தாமல் போனால் எல்லாமே "இல்லை" என்று வந்து காசு வீணாகும். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். 3 மி.மீ.க்கு மேல் வந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று பொருள். தொந்தரவு இல்லாவிட்டால் அந்தத் தடிப்புக்கு மதிப்பில்லை. பட்டியலில் தென்னை, நெல், அருகு, பார்த்தீனியம், தூசி உண்ணி (மெத்தை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வடநாட்டு மரங்களாக நிரப்பிய பட்டியலால் குமரிக்காரருக்கு என்ன பயன்? ரத்தத்தில் அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஈ மொத்த அளவு கூடியிருந்தால் மட்டும் அலர்ஜி என்று முடிவு கட்டாதீர்கள், வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். நூறு உணவுக்கு ஐ.ஜி.ஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பெரிய பேக்கேஜ் அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவாது.

மகரந்தம் என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அசல் காரணம் மெத்தைக்குள் இருக்கும். வருஷம் முழுக்க, விடிகாலை எழுந்ததும் பத்து இருபது தும்மல், படுக்கை தட்டும்போது கூடுதல் என்றால் தூசி உண்ணியைப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால்தான் அது அழியும். நம்மூரில் அப்படி நாள் கிடைப்பது அரிது. தலையணை உறை, விரிப்பு வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில். வெறும் வெயிலில் போட்டால் ஈரம் போகும், உண்ணி முழுதும் சாகாது. பழைய இலவம்பஞ்சுத் தலையணை, கயிற்றுப்பாய் மேல் போட்ட நாள்பட்ட மெத்தை இரண்டுக்கும் ஜிப் வைத்த இறுக்கமான உறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றுச் சுத்திகரிப்பான் ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இழுப்பு, நெஞ்சு இறுக்கம், பேசும்போது மூச்சு வாங்குதல் இருந்தால் இதில் எதையும் படித்துக்கொண்டிராமல் டாக்டரிடம் போகவும். ஒரு பக்க மூக்கு மட்டும் தொடர்ந்து அடைப்பது, ரத்தம் கலந்து வருவது ஆகியவையும் அலர்ஜிக் கணக்கில் சேராது.

---

வேளாண்_தோவாளை

பார்த்தீனியத்தை ஒழிக்கும் முறை.

அடையாளம் முதலில். இளம்செடி தரையோடு வட்டமாகப் படிந்து கேரட் இலை மாதிரி இருக்கும். பூ மூக்குத்தி அளவு, வெள்ளை, உற்றுப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். ஆர்வக்கோளாறில் வெட்டுக்காயப்பூண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள், அது நீண்ட காம்பில் தனிப் பூவாக, நடுவில் மஞ்சளாக நிற்பது. அதை விட்டுவிடுங்கள்.

முளைத்து நான்கு வாரத்திலேயே பூ வைக்கத் தொடங்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், விதை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள் "மாபெரும் ஒழிப்பு முகாம்" நடத்திப் படம் எடுப்பதில் பயன் இல்லை. முதல் நல்ல மழையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடியும்வரை. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் முறிந்து மறுபடி தழைக்கும். அரிவாளால் சீவுவதும் அதே கதிதான்.

ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கு வாய் மூடிய என்95 முகக்கவசம் வேண்டும். செடி பட்டுத் தோலில் வரும் அரிப்பு, இமை வீக்கம், கழுத்து மடிப்பில் கறுத்துத் தடிக்கும் படை மகரந்தத்தைவிடக் கொடுமை. ஏற்கெனவே படை உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. பூக்காத செடியை உரக்குழியில் போடலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி வெயிலில் கறுக்கவிட்டு ஆழக் குழியில் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகை தெரு முழுக்கப் போகும்.

பயிர் இல்லாத இடத்துக்கு உப்புக் கரைசல் உண்டு. லிட்டருக்கு 200 கிராம் சாதா உப்பு, 2 மி.லி. சோப்புக் கரைசல், பூக்கும் முன் இலை நனைய நனைய வெயில் நேரத்தில் தெளிக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் மழை வரக்கூடாது. மெக்சிகோ வண்டு ஒன்று இந்தச் செடியை மட்டும் தின்று மொட்டையாக்கும், 1984-ல் இந்தியாவில் விட்டது. கோடுபோட்ட வெளிர் வண்டு செடியில் கூட்டமாக இருந்தால் அந்த மனையில் எதையும் தெளிக்காமல் விடுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் திரும்ப அதுவே வரும். தகரைச் செடியின் விதையை மழைக்கு முன் தூவினால் அது முந்திக்கொண்டு நெருக்கும்.

மனைச் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால், சர்வே எண், புகைப்படம், தேதியோடு உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் கோப்பு உருவாகாது.

---

சானல்கரை_காலனி

எல்லாருக்கும் நன்றி. கொன்றை தப்பிச்சுது. ரெண்டு சந்தேகம். வேளாண் சாருக்கு: காலி மனையின் ஓரத்தில் ஒரு குடிநீர்க் கிணறு இருக்கு, பத்தடி தூரம்கூட இல்லை. உப்பு அடிக்கலாமா? வாத்தியார் சாருக்கு: அந்தப் பெரிய பொறி வாங்க வழியில்லை. பக்கத்துப் பள்ளியில் நுண்ணோக்கி இருக்கு. நாமே ஏதாவது எண்ண முடியுமா?

---

வேளாண்_தோவாளை

அடிக்கக் கூடாது. நம்மூர் மண்ணில் உப்பு மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகும். பக்கத்தில் இளம் தென்னையோ வாழையோ நின்றால் அதுவும் ஓரம் கருகும். கிணற்றைச் சுற்றிக் கையால் பிடுங்குவது மட்டும்.

---

தாவரவியல்_வாத்தியார்

முடியும். டர்ஹாம் முறை என்று பெயர், தானாக விழுவதை மட்டும் பிடிக்கும். காற்றின் கன அளவுக்கு இத்தனை என்று இதில் சொல்ல முடியாது. ஆனால் நேற்றைக்கு இன்று கூடுதலா குறைவா என்பதற்குப் போதும்.

9 அங்குல எவர்சில்வர் தட்டு இரண்டு. மூன்று நீள போல்ட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக 3 அங்குல இடைவெளியில் மாட்டுங்கள். மேல்தட்டு மழைக்குக் குடை. கீழ்த்தட்டிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் கண்ணாடிச் சிலைடு கிடக்கும்படி ஒரு கிளிப். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவருக்கு மேல் காற்று தடையில்லாமல் படும் இடம் வேண்டும். தென்னை ஓலைக்கு அடியில் வைத்தால் தென்னையை மட்டும்தான் எண்ணுவீர்கள். சிலைடில் வாஸ்லின் பூச்சு, விரலால் தடவி மறு சிலைடால் வழித்து விட்டது போல மெல்லிசாக. தடித்தால் மகரந்தம் அமிழ்ந்து சாயம் ஏறாது.

சாயம்: கிளிசரின் 5 மி.லி., 95 சதவீத ஆல்கஹால் 10 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 15 மி.லி., பேசிக் புக்சின் என்ற சிவப்புச் சாயத்தின் செறிவுக் கரைசல் இரண்டு சொட்டு. ஒரு சொட்டு விட்டு 22 மி.மீ. சதுர மூடுகண்ணாடி வைத்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மகரந்தம் இளஞ்சிவப்பாகும், பூஞ்சை வித்து பெரும்பாலும் சாயம் ஏறாமல் பழுப்பாகவே நிற்கும். மூடுகண்ணாடிப் பரப்பு 4.84 சதுர செ.மீ. முழுதும் எண்ணி 4.84-ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை என்று வரும்.

பிள்ளைகளுக்கு ஐந்து உருவம் சொல்லிக்கொடுத்தால் போதும். உருண்டையாக, ஒரே துளையும் அதைச் சுற்றி வளையமுமாக இருந்தால் புல் இனம், நெல்லும் இதில்தான் சேரும். கோல்ஃப் பந்து மாதிரி உடம்பெல்லாம் குழி என்றால் கீரை இனம். சிறியதாக முள் முள்ளாக இருந்தால் பார்த்தீனியம் சேர்ந்த குடும்பம். முக்கோணம் மழுங்கி மூன்று துளை என்றால் சவுக்கு. படகு போல நீண்டு ஒரு பிளவு ஓடினால் தென்னை. மற்றதை "இதர" என்று போடுங்கள், ஊகித்துப் பெயர் வைக்க வேண்டாம்.

சிலைடை தினமும் காலை 8 மணிக்கு மாற்றுங்கள். நெல்லும் புல்லும் கொட்டும் நேரத்துக்கு முன்பாக மாற்றினால்தான் ஒரு நாள் கணக்கு ஒரு சிலைடில் முழுதாக விழும். எண்ணோடு கூடவே காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, வயலில் கதிர் வந்திருக்கிறதா என்ற மூன்றையும் குறியுங்கள். சாரல் அடித்து சிலைடு நனைந்திருந்தால் அதை எண்ணாதீர்கள். அன்றைக்குப் பலகையில் "மழை, எண்ணவில்லை" என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று போட்டுவிட வேண்டாம்.